மூன்றாவது பெயர்

தமிழ்வேந்தன் மில் கேட்டுக்கு முன்னால் பைக்கை நிறுத்தியபோது மத்தியானம் மணி இரண்டு. காங்கேயத்தைத் தாண்டி சென்னிமலை ரோட்டில் ஐந்து கிலோமீட்டர். களம் நிறையப் பிளந்த தேங்காய்கள் வெயிலைப் பார்த்து வாயைத் திறந்தபடி கிடந்தன. அவற்றின் மேல் ஓர் ஈ கூட உட்காரவில்லை. காற்றும் இல்லை. ஆனாலும் கொப்பரை வாசம் கேட் வரைக்கும் வந்து அவனை வரவேற்றது.

ஆறு வருஷமாக இந்தக் கேட்டை அவன் மிதிக்கவில்லை. பீளமேட்டு ஆபீசில் உட்கார்ந்தபடியே இங்கிருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டான். நேரில் வரச் சொல்லிக் கூப்பிடும் போதெல்லாம் அவனிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. காய்ச்சல், கல்யாணம், பஸ் ஸ்ட்ரைக். இந்தத் தடவை எந்தக் காரணமும் செல்லுபடியாகவில்லை. மில் முதலாளி வெங்கடபதி போனில் சொன்னது ஒரே விஷயம்தான்.

"தம்பி, அடுப்பே மூட்டலைங்க. சங்கு தானா ஊதுது. நாளைக்கு ஆயுத பூசை. நீங்க வந்தாத்தான் ஆகும்."

கேட்டை ஒட்டிய எடை மேடையில் ஒரு லாரி நின்றிருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி எடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். லாரி டிரைவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்.

"பாத்து அம்மணி, காலுக்கடியில வயரு கெடக்குது. தட்டிப்போட்டீன்னா மில்லே போயிரும். உங்கூட்டு ராசி அப்படி."

"நீங்க நாலு மூட்டை கம்மியா ஏத்திட்டு வாங்க, எந்த வயரும் அறுவாதுங்க" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

டிரைவர் சிரித்தான். அவளும் சிரித்தாள். பல தடவை கேட்டுக் காய்த்துப் போன சிரிப்பு அது.

தமிழ்வேந்தன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான். அந்த ராசியை அந்த வீட்டுக்கு எழுதிக் கொடுத்தவன் அவன்தான்.

லாரி நகர்ந்ததும் அவள் கூண்டை விட்டு வெளியே வந்தாள்.

"பீளமேட்டு இஞ்சினியர் அண்ணாதானுங்க? நான் அன்புச்செல்விங்க. மாசாணத்து புள்ள."

"தெரியும்மா."

தெரியாது. பள்ளிச் சீருடையில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். சாவு வீட்டுக்கு அவன் போகவில்லை.

"சித்த நில்லுங்கண்ணா, ஒண்ணு கேக்கோணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆபீஸ் சுவத்துல மூணு படம் இருக்குதுங்களே, இங்க வேலை செஞ்சு செத்தவங்க படம். பூசையன்னைக்கு அதுக்கெல்லாம் மாலை போடுவாங்க. எங்கப்பன் படம் மட்டும் இல்லீங்க. இந்த வருஷம் மாட்டித் தாங்கன்னு மொதலாளியைக் கேட்டேன். அவரு கெட்டவரில்லீங்க. ஆனா, 'அந்தத் தம்பி எழுதிக் குடுத்தது அப்படி இருக்கறப்ப, மில்லை எரிச்சவன் படத்தை எப்படி அம்மணி மாட்டறது'ங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாமுங்க."

அவன் ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்தான்.

"அன்னைக்கு அந்த வயரு கழண்டு கெடந்ததை உங்க கண்ணால பாத்தீங்களாண்ணா?"

"வேலையை முடிச்சுட்டு வாரேன்மா. அப்புறம் பேசலாம்."

அவள் தலையாட்டினாள். அவன் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்து நடந்தான்.

கம்ப்யூட்டர் அறை உலர்கூடத்தை ஒட்டி இருந்தது. கொப்பரைத் தூசி உள்ளே வராமல் இருக்க ஜன்னலே வைக்காத அறை. கதவைச் சாத்தினால் மத்தியானமும் கருக்கல்தான். உலர்கூடத்துப் பக்கச் சுவருக்கு மூன்று பூச்சு வெள்ளை அடித்திருந்தார்கள். மூன்றையும் மீறி அடியிலிருந்த கரி சாம்பல் நிறத்தில் ஊறி மேலே வந்திருந்தது. ஆள் உயரத்துக்கு.

அவன் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

உலர்கூடம் என்பது பெரிய அறை. ஒரு பக்கம் தேங்காய்ச் சிரட்டை எரியும் அடுப்பு. அதன் சூட்டில் கொப்பரை காயும். அறுபத்திரண்டு டிகிரி சரியான சூடு. எழுபத்தைந்தைத் தாண்டினால் கொப்பரையில் எண்ணெய் கசிந்து தீப் பிடிக்கும். சூட்டை அளந்து, எழுபத்தைந்தானதும் அபாயச் சங்கு ஊதும்படி, லினக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் இந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவன் தமிழ்வேந்தன். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது.

கம்ப்யூட்டரின் முதுகில் வயர் செருக இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றில் உலர்கூடத்து வயர், இன்னொன்றில் ஆபீஸ் வயர். லினக்ஸ் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பெயர் வைக்கும். புது லினக்ஸ், கார்டு செருகியிருக்கும் இடத்தைப் பார்த்து நீளமாக ஒரு பெயர் வைக்கும். இடம் மாறாதவரை பெயர் மாறாது. தமிழ்வேந்தனுக்கு அந்த நீளம் பிடிக்கவில்லை. பழைய பழக்கத்தில் அந்த வசதியை அணைத்துவிட்டு, eth0, eth1 என்ற சின்னப் பெயர்களுக்குப் போனான். சின்னப் பெயர்களில் ஒரு வில்லங்கம் உண்டு. கம்ப்யூட்டர் எழும்போது எந்தக் கார்டு முதலில் கண் விழிக்கிறதோ, அதற்குத்தான் eth0. நூறு தடவை ஒழுங்காக எழும். நூற்றியோராவது தடவை மாறி எழும்.

அதைத் தடுக்க ஒரு கோப்பில் இரண்டு வரி எழுதினால் போதும். ஒவ்வொரு கார்டிலும் தொழிற்சாலையிலேயே பொறித்த எண் ஒன்று இருக்கும். இந்த எண்ணுக்கு இந்தப் பெயர் என்று கட்டிப்போட்டால் ஜென்மத்துக்கும் மாறாது.

இரண்டு வரி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூசையன்று, இருநூறு நாள் விடாமல் ஓடிய கம்ப்யூட்டரை முதல் தடவையாக அணைத்தார்கள். துடைத்துப் பொட்டு வைக்க வேண்டுமல்லவா. பொட்டு வைத்தவர் மாசாணம். அடுப்பு பார்க்கும் ஆள். அவருடைய வலது கட்டை விரலில் தேங்காய் பிளக்கும் கத்தி பட்டுக் குறுக்கே ஒரு வெட்டு. அவர் வைக்கும் ஒவ்வொரு பொட்டிலும் அந்த வெட்டு சாய்கோடாக விழும்.

"ரெண்டு வாயி இருக்குதல்ல கண்ணு, ரெண்டுக்கும் வெக்கோணும்" என்று கார்டுகளுக்கும் வைத்தார்.

தமிழ்வேந்தன் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவான். சொந்தம் இல்லை. ஆனால் அவன் அப்பாவும் மாசாணமும் ஒரே தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். மாசாணம் மில்லில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்: நம்ம பையன் வெச்ச மெஷினு.

கம்ப்யூட்டரை மறுபடி போட்டுவிட்டு, திரையில் 62 என்று வந்ததைப் பார்த்து, பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவன் கிளம்பிவிட்டான். அந்த 62 அணைப்பதற்கு முன் வந்த பழைய எண் என்று பார்க்கவில்லை. பெயர்கள் இடம் மாறி எழுந்திருந்தன. உலர்கூடத்து வயரில் வந்த சூட்டைக் கம்ப்யூட்டர் ஆபீஸ் வயரில் தேடிக்கொண்டிருந்தது. ஈரக் கொப்பரை பூசணம் பிடித்துவிடும் என்று பூசை முடிந்ததும் அடுப்பை மூட்டியிருந்தார்கள்.

மாசாணம் திரையைப் பார்த்தார். 62. புகை வாசம் வந்தது. மறுபடி பார்த்தார். 62. சங்கு ஊதவில்லை, ஆகவே பயமில்லை. அப்படித்தான் அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். எதற்கும் ஒரு எட்டுப் பார்ப்போம் என்று கதவைத் திறந்து உள்ளே போனார்.

திரும்பி வரவில்லை.

சாயங்காலம் வந்த தமிழ்வேந்தனுக்கு ஐந்து நிமிஷத்தில் எல்லாம் புரிந்தது. அந்த இரண்டு வரியை அப்போது எழுதினான். கதவுக்கு வெளியே அழுகுரல் கேட்டுக்கொண்டிருக்க, விரல் நடுங்காமல் எழுதினான். பழைய பதிவுகளை அழித்தான். விசாரணைக்கு வந்தவர்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான். செல்போனைச் சார்ஜ் போட வந்த பணியாளர் உலர்கூடத்து வயரைக் கழற்றியிருக்கிறார். மாசாணம் அந்த அறையில் சார்ஜ் போடுவது எல்லாருக்கும் தெரியும். யாரும் சந்தேகப்படவில்லை.

அதுதான் அந்த ஒரு வார்த்தையின் கதை.

தமிழ்வேந்தன் மூச்சை இழுத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். இருக்கிற நெட்வொர்க் பெயர்களையெல்லாம் காட்டு என்று கேட்டான்.

eth0. eth1.

eth2.

பீளமேட்டில் இருந்தே இதைப் பார்த்திருந்தான். ஏதோ குழப்பம் என்று நினைத்தான். இப்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்தான். இரண்டு கார்டு, இரண்டு வயர். மூன்றாவது இடத்தைத் தகர மூடி அடைத்திருந்தது.

அந்தத் தகர மூடியில் ஒரு சந்தனப் பொட்டு. நடுவே குங்குமம்.

தொட்டுப் பார்த்தான். ஈரம்.

பூசை நாளைக்குத்தானே? யாரோ அவசரத்தில் வைத்திருக்கலாம். பொட்டில் சாய்வாக ஒரு கோடு இருந்ததை அவன் பார்க்கவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். சட்டை நுனியால் துடைத்தான்.

பெயர் கட்டும் கோப்பைத் திறந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் எழுதிய இரண்டு வரி அப்படியே இருந்தது. தேதியும் நேரமும் அப்படியே. தீப்பிடித்த அன்று, மாலை 4:40.

கீழே மூன்றாவது வரி ஒன்று.

முதல் இரண்டு வரியிலும் கார்டின் எண் இருந்தது. மூன்றாவதில் எண்ணே இல்லை. eth2 என்ற பெயர் மட்டும். அவன் எழுதியதில்லை. இந்தக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அழித்தான். சேமித்தான். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான்.

மின்விசிறி மெல்ல முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. திரை வெளுத்தது. அவன் பெயர்களைக் கேட்டான்.

eth0. eth1.

masanam.

நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. எழுந்தது அவன்தான்.

ஒரு நிமிஷம் அவனுக்குக் கோபம் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள். அன்புச்செல்வியா? எடை தட்டுகிற பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அந்த வரியை மறுபடி அழித்தான். ஆபீஸ் வயரைப் பிடுங்கினான். உலர்கூடத்து வயரையும் பிடுங்கினான். இரண்டு பெயருக்கு எதிரேயும் 'இணைப்பு இல்லை' என்று வந்தது.

மூன்றாவது பெயருக்கு எதிரே 'இணைப்பு உண்டு' என்று இருந்தது.

பிடுங்கிய வயர் அவன் கையில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மாசாணம் செய்ததாக அவன் எழுதிய காரியத்தை, இப்போது அவனே செய்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். காது மடல் சுட்டது. அறையில் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் கையைப் பின்னால் மறைத்தான்.

திரையின் மூலையில் உலர்கூடத்துச் சூடு தெரிந்தது. வயர் இல்லை, அடுப்பில் தீ இல்லை. காலையிலேயே கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

62.

பக்கத்தில் தேதி. இன்றைய தேதி இல்லை. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூசை, மத்தியானம் 1:47.

63.

அவன் அசையவில்லை.

66.

அன்று இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்து சேராமல் போன எண்கள். உலர்கூடத்துச் சுவரில் இருந்த கருவி அனுப்பிக்கொண்டே இருந்த எண்கள். யாரும் கேட்காமல் போனவை. ஆறு வருஷம் எங்கே நின்றிருந்தனவோ, இப்போது ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அந்த மூன்றாவது பெயர் வழியாக.

69. 71.

வாசம் முதலில் இனிப்பாக இருந்தது. தேங்காயை வறுக்கிற வாசம். பிறகு அதற்குள்ளிருந்து வேறொன்று வந்தது.

74.

அவன் முதுகுக்குப் பின்னால், கரி ஊறிய சுவர்ப் பக்கமிருந்து, யாரோ குனிந்து திரையைப் பார்ப்பதைப்போல மூச்சு கழுத்தில் பட்டது. சூடான மூச்சு.

"கண்ணு" என்றது குரல், மிக மெதுவாக. கோபமே இல்லாத குரல். "சங்கு ஊதலையே கண்ணு. உள்ள போயிப் பாத்துப்போட்டு வாரட்டுமா?"

போகாதீங்க பெரியப்பா என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் எண் மாறியது.

75.

சங்கு ஊதியது.

மில்லே அதிர்ந்தது. 98. 140. 211. எண்கள் தாவின. பக்கத்தில் நேரம் 2:09 ஆனபோது எண் நின்றது. அந்த இடத்தில் மூன்று கோடுகள். கருவி எரிந்த நேரம் அது.

சங்கு மட்டும் நிற்கவில்லை.

கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்கடபதி வந்தார். பின்னால் அன்புச்செல்வி.

"என்ன தம்பி இது? தீ இல்லாத அடுப்புக்கு எதுக்கு ஊதுது?" என்றவர் திரையைப் பார்த்து நின்றார். "இதென்ன தேதி? அன்னைக்குத் தேதியல்ல போட்டிருக்குது. வயரு வேற கழண்டு கெடக்குது. வயரில்லாம எப்படி வருது?"

தமிழ்வேந்தன் கையில் இருந்த வயரைப் பார்த்தான். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் கோளாறுங்க" என்றான். "சில சமயம் கார்டு பேரு மாறிப்போயிருமுங்க. அப்ப சூடு வந்து சேராது. அன்னைக்கும் அதுதான் ஆகியிருக்கோணும். வயரை யாரும் புடுங்கலைங்க."

"புடுங்கலையா?" என்றார் வெங்கடபதி.

"இல்லீங்க."

"அப்படின்னா எங்கப்பன் அதைத் தொடவே இல்லையாண்ணா?" என்றாள் அன்புச்செல்வி.

"தொடலைம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்தது, வழியவில்லை. பிறகு, குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையில் மட்டும் கேட்டாள்.

"இது அன்னைக்கு உங்களுக்குத் தெரியலையாண்ணா?"

சங்கு ஊதிக்கொண்டிருந்தது. அவன் சொல்ல வேண்டியதெல்லாம் ஒரு வார்த்தை. தெரியும்.

"தெரியலைம்மா" என்றான்.

சங்கு நின்றது.

அறை சட்டெனக் குளிர்ந்தது. திரையில் இரண்டே பெயர்கள் இருந்தன. கோப்பில் இரண்டே வரிகள். பெரியப்பாவுக்கு இவ்வளவு போதும் போலிருக்கிறது என்று அவனுக்குள் ஏதோ ஒன்று மூச்சு விட்டது. அந்த மூச்சு வந்ததற்காகவே அவன் தலை குனிந்தது.

மறுநாள் பூசைக்கு இருந்துதான் ஆக வேண்டும் என்று வெங்கடபதி பிடித்து வைத்துக்கொண்டார்.

ஆபீஸ் சுவரில் நாலாவது படம் ஏறியது. அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கியது. மாசாணம் கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி, யாரோ கூப்பிட்டதைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கடபதி தன் கையாலேயே மாலை போட்டார். நேற்றைய லாரி டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அன்புச்செல்வியிடம் ஏதோ முணுமுணுத்தான்.

"இருக்கட்டும் உடுங்க" என்றாள் அவள். "நாளையிலிருந்து எடையில மட்டும் ஏமாத்தாதீங்க, போதும்."

ஆறு வருஷமாக மில்லுக்குள் கால் வைக்காத கருப்பாத்தாள் அன்று வந்திருந்தாள். மாசாணத்தின் மனைவி. படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி நேராகத் தமிழ்வேந்தனிடம் வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் கண்ணு எங்கூட்டுப் பேரைத் திருப்பிக் குடுத்தே."

"அம்மா, நான்..."

"உங்க பெரீப்பன் அப்பவே சொல்லும். நம்ம பையன் வெச்ச மெஷினு, அது பொய் சொல்லாதுன்னு."

அவள் கை சொரசொரவென்று இருந்தது. அவனுடையது மிருதுவாக இருந்தது. விடுவித்துக்கொள்ள முடியவில்லை. காது, கழுத்து, நெஞ்சு என்று ஒவ்வொன்றாக எரிந்தன. தரையில் சிந்திக் கிடந்த பொரியைப் பார்த்தபடி நின்றான். இப்போது சொல்லிவிடலாம். இந்தக் கையை உதறிவிட்டு, அந்த 4:40 மணியை எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம். நாக்கு மேலண்ணம் வரை வந்தது. வெங்கடபதி கற்பூரத் தட்டை நீட்டினார்.

கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கிளம்பும்போது அன்புச்செல்வி பொரியும் கடலையும் கட்டிய பொட்டலத்தைப் பைக் வரை கொண்டுவந்து கொடுத்தாள். தன் போன் நம்பரையும் கொடுத்தாள்.

"எப்ப வேணுன்னாலும் ஊட்டுக்கு வாங்கண்ணா. அம்மா உங்களைச் சாப்பிட வெச்சு அனுப்போணும்ங்குது."

பல்லடம் வரைக்கும் அவன் அழவில்லை. பல்லடத்தில் சிக்னலுக்கு நின்றபோது, பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் பார்க்கக்கூடாது என்று ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

பொட்டலத்தை அவன் பிரிக்கவே இல்லை.

விடுமுறை முடிந்து பீளமேட்டு ஆபீஸ் திறந்தது. காலை பத்து மணி. முழு வெளிச்சம், ஏசி, காபி மெஷின் சத்தம். பக்கத்து மேஜை கிருபா நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு திரும்பினாள்.

"என்ன தமிழு, லேப்டாப்புக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டு வந்திருக்கே. பக்தி முத்திப்போச்சா?"

"நான் வெக்கலையே."

"அப்புறம் நானா வெச்சேன்? நம்ம ஆபீஸ்ல பூசையே போடலை."

குனிந்து பார்த்தான். லேப்டாப்பின் இடது ஓரம், நெட்வொர்க் வயர் செருகும் துளைக்கு மேலே. சந்தனம், நடுவே குங்குமம். குறுக்கே, கத்தி வெட்டைப்போல, சாய்வாக ஒரு கோடு.

அவன் கட்டை விரலால் தேய்த்தான். போகவில்லை.

லேப்டாப்பைத் திறந்தான். கைகள் தாமாகவே அந்தக் கட்டளையைத் தட்டின. இருக்கிற பெயர்களைக் காட்டு.

வயருக்கு ஒன்று. வைஃபைக்கு ஒன்று. இரண்டும் சரி.

மூன்றாவது பெயர் மாசாணம் இல்லை. அவருடைய பெயர் சுவருக்குப் போய்விட்டது. மாலையோடு அங்கே இருக்கிறது.

thamizhvendan.

சின்ன எழுத்துகளில், ஒரு தவறும் இல்லாமல். எதிரே 'இணைப்பு உண்டு'. அதற்கும் பக்கத்தில், எதுவும் வந்திருக்கவே முடியாத அந்த வழியாக வந்து சேர்ந்த சூட்டின் எண்.

62.

வயரைப் பிடுங்கினான். வைஃபையை அணைத்தான். முதல் இரண்டு பெயர்களும் செத்தன. மூன்றாவது அப்படியே நின்றது.

63.

கிருபா மூக்கை உறிஞ்சினாள். "யாருப்பா மைக்ரோவேவ்ல தேங்காயைப் போட்டது? தீஞ்ச வாசம் அடிக்குது."

அவன் போனை எடுத்தான். அன்புச்செல்வியின் நம்பரைத் தேடி எடுத்தான். அழைக்கும் பொத்தானுக்கு மேலே கட்டை விரலை வைத்தான்.

விரல் இறங்கவில்லை.

கழுத்தில் சூடான மூச்சு பட்டது. கோபமே இல்லாத மூச்சு. பொறுமையாக, அவனோடு சேர்ந்து அதுவும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

64.

எழுபத்தைந்துக்கு இன்னும் பதினொன்று இருந்தது.